பிராக் டீச்சரும் பெயர் போடாத கடிதமும்

எங்கள் பாடசாலையில் யாராவது மாற்றலாகிப் போனால் ஒரு பிரியாவிடை மலர் அடிப்போம். பன்னிரண்டு பக்கம், அட்டையில் போகிறவரின் படம், உள்ளே வாழ்க்கைக் குறிப்பு. மலர் ஒருநாளும் பிரியாவிடைக்கு வந்து சேர்ந்ததில்லை. ஆள் போய் ஒரு மாதம் கழித்துத்தான் அச்சகத்திலிருந்து வரும். வாழ்க்கைக் குறிப்பும் எல்லாருக்கும் ஒன்றுதான். பிறந்தார், கற்றார், பண்பாளர், புன்முறுவல் மாறாத முகம். போன வருடம் மாறிப்போன கணக்கு சேர் ஏழு வருடத்தில் ஒரு தடவை சிரித்து நான் பார்த்ததில்லை. அவருக்கும் அந்தப் புன்முறுவலைப் போட்டுவிட்டார்கள்.

இந்த முறை போகிறவள் பஸீனா. எங்கள் வரலாற்று டீச்சர். மன்னார் எருக்கலம்பிட்டிக்கு மாற்றம் கேட்டு வாங்கியிருக்கிறாள். அதிபர் நெய்னார் சேர் என்னைக் கூப்பிட்டார்.

"ஷிம்லா டீச்சர், சின்ன வயசில இருந்தே நீங்க ரெண்டு பேரும் ஒன்டுதானே. வாழ்க்கைக் குறிப்ப நீங்களே எழுதுங்க. ரெண்டு பக்கம் போதும். நல்லதா எழுதுங்க."

"நல்லதா என்டா எப்பிடி சேர்?"

"நல்லதா என்டா நல்லதாத்தான்," என்று சொல்லிவிட்டு அவர் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார்.

மூன்று நாள் எழுதினேன், மூன்று நாளும் கிழித்தேன். ஏனென்றால் ஒரு விஷயத்தை விட்டுவிட்டு அவள் வாழ்க்கையை எழுதினால் அது கணக்கு சேரின் புன்முறுவல் மாதிரித்தான் இருக்கும். ஆகவே அதை முதலில் போட்டுவிடுகிறேன். பதினெட்டு வருடத்துக்கு முன் பஸீனாவுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தபோது, அவளுக்கு அது உரியதில்லை என்று, இடம் கொடுக்கிற கொழும்புக் கந்தோருக்குப் பெயர் போடாத கடிதம் எழுதியவள் நான். அதனால் பதினொரு மாதம் அவள் வீட்டில் கிடந்தாள். அந்தப் பதினொரு மாதத்துக்கும் காரணம் தன்னைப் பெற்ற வாப்பா என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறாள். அந்த மனிதர் மௌத்தாகி, அடக்கம் செய்து ஒன்பது வருடம். இன்று ஞாயிற்றுக்கிழமை. வியாழக்கிழமை பிரியாவிடை. அதற்குள் அவளிடம் சொன்னால் எனக்கு இருக்கிற ஒரே கூட்டாளியும் இல்லாமல் போவாள். சொல்லாவிட்டால் அவள் வாப்பா லத்தீப் மாமா மகளின் மனசில் குற்றவாளியாகவே கிடப்பார். எனக்குப் பயமாக இருக்கிறது.

சரி, முதலில் இருந்து வருகிறேன்.

பஸீனா எங்கள் ஊர் குறிஞ்சிப்பிட்டிக்கு வந்தது 1990 கடைசியில். மன்னார் முஸ்லிம்களைப் புலிகள் வெளியேறச் சொன்னபோது எருக்கலம்பிட்டிக்காரர் பலர் வள்ளங்களில் புத்தள மாவட்டத்துக் கற்பிட்டிக் கரைக்கு வந்தார்கள். அவளுக்கும் மூன்று வயது, எனக்கும் மூன்று வயது. இரண்டு பேருக்குமே அது ஞாபகமில்லை, சொல்லக் கேட்டதுதான். என் வாப்பா முத்தலிபு வெங்காயச் செய்கைக்காரர். கரைக்குப் பாணும் தேத்தண்ணியும் கொண்டுபோனவர், திரும்பி வரும்போது நாலு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வந்தார். எங்கள் தென்னங்காணியின் பின்பக்கத்தில் கிடுகுக் கொட்டில் போட இடம் கொடுத்தார். அந்த நாலில் ஒன்று லத்தீப் மாமாவின் குடும்பம். மாமா தையல்காரர். எல்லாவற்றையும் போட்டுவிட்டு வந்தவர் தையல் மெஷினின் தலையை மட்டும் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தாராம். மெஷினுக்குக் கால் இங்கே தச்சனிடம் சொல்லிப் பலகையில் செய்து பூட்டினார்.

எங்கள் வீட்டுக்கும் அவர்கள் கொட்டிலுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலி. அதில் நாங்கள் இரண்டு பேரும் நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. உம்மா எத்தனை தடவை அடைத்தாலும் மறுநாள் திறந்துவிடும். பாடசாலையில் ஒரே வகுப்பு, இருப்பதும் ஒரே வாங்கில். அவளை "அகதிப் புள்ள" என்று சொன்ன ஒரு பொடியனை நான் கையில் கடித்து அதிபரிடம் அடி வாங்கியிருக்கிறேன். இதை என் பெருமைக்குச் சொல்லவில்லை. அப்படிக் கடித்தவள்தான் பிறகு கடிதம் எழுதினாள் என்பதற்காகச் சொல்கிறேன்.

லத்தீப் மாமாவிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. பதினைந்து வருடமாகக் குறிஞ்சிப்பிட்டியில் குடியிருந்தும் வாக்காளர் இடாப்பில் அவர் பெயர் மன்னாரில்தான். இடம்பெயர்ந்தவர்கள் புத்தளத்தில் இருந்தபடியே மன்னாருக்கு வாக்களிக்கத் தனி வாக்குச்சாவடி போடுவார்கள். தேர்தலன்று மாமா வெள்ளைச் சேர்ட்டை ஸ்திரி போட்டு உடுத்தி, பெருநாளைக்குப் போகிற மாதிரி அத்தர் பூசிக்கொண்டு வெளிக்கிடுவார். நாங்கள் சிரிப்போம்.

"மாமா, சோறு தின்னுறது இங்க, வோட் போடுறது அங்கயா?" என்று ஒருமுறை நான் கேட்டேன்.

"பேர் அங்க கிடக்கட்டும் மகள்," என்றார். "பேர் கிடந்தாத்தான் ஒரு நாளைக்கு ஆளும் போகலாம்."

பஸீனாவுக்கு அது வெட்கம். பாடசாலைக்குப் போகும் வழியில் என்னிடம் சொல்லிச் சிரிப்பாள். "எங்கட வாப்பாட ஒடம்பு கற்பிட்டியில, பேர் மன்னார்ல. ரெண்டையும் சேத்து எடுத்தாத்தான் முழு ஆள்."

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்தது. வெளியூரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் நாட்டில் பல்கலைக்கழகத்துக்கு மாவட்டம் மாவட்டமாகத்தான் ஆள் எடுப்பார்கள். புத்தளத்துக்கு இத்தனை இடம், மன்னாருக்கு இத்தனை இடம் என்று உண்டு. கலைப்பிரிவில் புத்தள மாவட்ட வெட்டுப்புள்ளிக்கு மேலே பஸீனா வந்தாள். தசப்புள்ளிக்குப் பின்னால் வருகிற ஒரு சின்ன இலக்கத்தால் நான் கீழே போனேன்.

அந்த நாட்களில் கல்யாண வீட்டிலும் கடையிலும் ஒரே கதைதான். "வந்த ஆக்கள் எங்கட புள்ளைகள்ட இடத்த எடுக்கிறாங்க." பாண் வாங்கப் போனாலும் அதுதான், மையத்து எடுக்கிற வீட்டிலும் அதுதான். என் வாப்பா மட்டும், "படிச்ச புள்ள எடுத்திச்சு, படிக்காத புள்ள விட்டிச்சு, இதில என்ன வந்த ஆள் போன ஆள்?" என்பார். படிக்காத புள்ள நான். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு இருபது வயது, மூளை என்பது மருந்துக்கும் இல்லை. ஒரு ஆளை மேலே இருந்து கழற்றினால் அடுத்த ஆள் ஏறும், அடுத்த ஆள் நான்தான் என்று நானாகவே முடிவெடுத்தேன். யார் எனக்கு அப்படிச் சொன்னது? ஒருவரும் சொல்லவில்லை.

கடிதத்தை எழுத்துக் கோணாமல், அச்சு எழுத்து மாதிரி ஒவ்வொன்றாக எழுதினேன். இன்ன மாணவியின் தகப்பனாரின் பெயர் மன்னார் வாக்காளர் இடாப்பில் உள்ளது, ஆகவே அவர் மன்னார் மாவட்டத்தவர், புத்தள மாவட்டத்து இடத்துக்கு உரியவரல்ல என்று எழுதினேன். கீழே "உண்மையை விரும்பும் பெற்றோர்" என்று போட்டேன். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை, பெற்றோராம். கற்பிட்டித் தபாற்கந்தோரில் போட்டால் தெரிந்துவிடும் என்று பஸ் ஏறிப் புத்தளத்தில் போய்ப் போட்டேன். திரும்பி வரும்போது பஸீனாவுக்குக் கச்சான் கடலை வாங்கிக்கொண்டு வந்ததும் ஞாபகம் இருக்கிறது.

அப்போது எங்கள் கிராம சேவகர் அன்ரன் என்று ஒரு நல்ல மனிதர். விசாரணை அவரிடம்தான் வந்தது. அவர் மாமாவின் கொட்டிலுக்குப் போய்ப் பலகைக் கதிரையில் இருந்து, தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார். "லத்தீப் ஐயா, உங்கட பேர் மன்னார் லிஸ்டில கிடக்கு. அதால ஒரு சிக்கல். கடிதம் கிடிதம் எல்லாம் எழுத வேணும்." மொட்டைக் கடிதம் ஒன்று வந்தது என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது அவருடைய நல்ல மனசு. அயலுக்குள் பகை வரக்கூடாது என்று நினைத்திருப்பார். அதனால் அவர்கள் அப்படி ஒரு பெட்டிசம் வந்ததென்றே அறியவில்லை. மாமாவின் வாக்குப் பதிவுதான் தானாக வெளியே வந்து மகளின் காலை வாரிவிட்டது என்று விளங்கிக்கொண்டார்கள்.

அன்றைக்கு வேலிக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன். பஸீனா வாப்பாவிடம் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நல்லது.

"உங்கட மன்னார் என்ட படிப்பத் தின்டிட்டு வாப்பா," என்றாள். "இனி நீங்களும் உங்கட பேரும் ஒன்டா இருங்க."

மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு அதுவும் நின்றது.

விசாரணை முடிய பதினொரு மாதம் எடுத்தது. பரீட்சைக்கு முந்திய மூன்று வருடமும் புத்தளத்தில் படித்தவள் என்பதால் அவள் புத்தளம்தான் என்று கடைசியில் முடிவாகி, அடுத்த வருடத்துப் பிள்ளைகளோடு போகச் சொன்னார்கள். அவள் விட்ட இடத்தில் அந்த வருடம் ஒருவரும் ஏறவில்லை. நானும் ஏறவில்லை. அது சும்மா கிடந்தது. அந்தப் பதினொரு மாதமும் அவள் எங்கள் தோட்டத்தில் வெங்காயம் பிடுங்கிக் காயவைத்துக் கட்டினாள். நானும் பக்கத்தில் இருந்து கட்டினேன். வெங்காயத்தடியில் கண் கலங்கினால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. இரண்டு பேருக்குமே அது வசதியாகப் போயிற்று.

மாமா என்ன செய்தார் தெரியுமா? அடுத்த இடாப்பு எடுக்கிற நேரம் அன்ரனிடம் போய் மன்னாரில் இருந்த தன் பெயரை வெட்டிப் புத்தளத்தில் பதிந்தார். மகள் கேட்கவில்லை, அவரே போனார். அவள் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போகும்போது இரண்டு சல்வார் தைத்துக் கொடுத்தார், ஒன்று நீலம், ஒன்று கத்தரிப்பூ நிறம். அவள் இரண்டையும் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போனாள். ஒருநாளும் உடுத்தவில்லை. "பேர மாத்தினதே தன்ட பிழைய ஒத்துக்கொண்டதுதானே," என்று என்னிடம் சொன்னாள். நான் "ஓம்" என்றேன். கடிதத்தையாவது வயசுக் கோளாறு என்று சொல்லலாம். இந்த "ஓம்" இருக்கிறதே, இதற்கு எனக்கு ஒரு சாட்டும் இல்லை.

2009இல் சண்டை முடிந்தது. திரும்பிப் போகிறவர்களுக்கு வீடு கொடுக்கப் பட்டியல் எடுத்தபோது மன்னாரில் பதிவு உள்ளவர்களை முதலில் எடுத்தார்கள். மாமாவின் பெயர் அங்கே இல்லை. மற்ற மூன்று குடும்பமும் போனது. மாமா குறிஞ்சிப்பிட்டியிலேயே இருந்தார், இங்கேயே மௌத்தானார், எங்கள் மையவாடியில்தான் அடக்கினோம். பஸீனா ஜனாஸாவன்று அழவில்லை. அவள் வாப்பாவோடு முகம் கொடுத்துக் கதைத்தே பல வருடமாகியிருந்தது. மருந்து வாங்கிக் கொடுப்பாள், சாப்பாடு வைப்பாள், பக்கத்தில் இருந்து தின்னமாட்டாள்.

பேராதனைக் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் எங்கள் பிள்ளைகளுக்கு அவளைத் தெரிவதே அங்கிருந்து கொண்டுவந்த பெயரில்தான். பிராக் டீச்சர்.

இறுதி வருடத்தில் ஆய்வுக் கட்டுரை எழுத ஒரு தலைப்புப் பட்டியல் வந்ததாம். எல்லாரும் கண்டி இராச்சியம், துறைமுகம், தேயிலை என்று எடுத்துவிட்டார்கள். பிந்திச் சேர்ந்தவள் என்பதால் இடாப்பில் இவள் பெயர் கடைசி. அவளுக்கு மிஞ்சியது "இரு உலகப் போர்களுக்கு இடையில் செக் சமூகத்தில் தேசியவாதமும் மாணவர் வாழ்வும்". போன் எடுத்து அழுகிறாள்.

"செக் எங்க இரிக்கி என்டே எனக்குத் தெரியா ஷிம்லா. வங்கியில மாத்துற செக்தான் தெரியும்."

ஒரு மாதம் போனது. பிறகு போன் எடுத்தால் அந்தக் கதையைத் தவிர வேறு கதை இல்லை. முதல் போருக்குப் பிறகு புதிதாகப் பிறந்த நாடு. ஒரு பேராசிரியர்தான் முதல் ஜனாதிபதி. தலைநகர் பிராக்குக்குப் படிக்க வந்த பிள்ளைகளுக்குத் தங்க இடமில்லை, ஒரு மேட்டில் அவர்களே பலகை சுமந்து விடுதி கட்டினார்கள். "எங்கட கொட்டில் மாதிரித்தான், கிடுகுக்குப் பதிலாப் பலகை," என்றாள். குளிர் தாங்காமல் ஓவர்கோட்டோடு படுத்தவர்கள், மலிவுச் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றவர்கள். அவர்களைத் தன் ஒன்றுவிட்ட சகோதரங்கள் மாதிரிக் கதைத்தாள். பெண்கள் விடுதியில் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் இவளைப் "புத்தளம்" என்றார்களாம், அக்கரைப்பற்றுப் பிள்ளைகள் "மன்னார்" என்றார்களாம். இவள் இரண்டுக்கும் திரும்பிப் பார்த்திருக்கிறாள்.

படித்து முடித்துப் படிப்பித்தலுக்கு வந்தாள். நான் கல்விக் கல்லூரி முடித்து ஆரம்பப் பிரிவு டீச்சர். இரண்டு பேரும் ஒரே பாடசாலை. கட்டுரையின் ஒரு பிரதியை எனக்குத் தந்தாள். நான் அதை விரித்தே பார்க்கவில்லை. நீல அட்டை என்பது மட்டும் தெரியும்.

மணிச் சண்டை நடந்த வருடத்தை இங்கே எழுதாவிட்டால் பாடசாலையே என்னை ஏசும். இடம்பெயர்ந்தோர் பாடசாலை ஒன்று எங்கள் கட்டடத்தில் பின்னேரம் நடந்துகொண்டிருந்தது. பிறகு எங்களோடு சேர்த்துவிட்டார்கள். அவர்களிடம் ஒரு தண்டவாளத் துண்டு, அதுதான் மணி. எங்களிடம் ஒரு பித்தளை மணி. இனி எதை அடிப்பது? இரண்டு பக்கத்துப் பழைய மாணவர்களும் கூட்டம் போட்டார்கள். "நாங்க காணி குடுத்த ஆக்கள்" என்று ஒரு பக்கம், "நாங்க இருவது வருஷம் அந்தத் தண்டவாளத்தில படிச்ச ஆக்கள்" என்று மறுபக்கம். கதிரை எறிகிற அளவுக்கு வந்துவிட்டது. பஸீனா எழும்பினாள்.

"பிராக் நகரத்தில ஒரு பழைய பல்கலைக்கழகம்," என்று தொடங்கினாள். யாரோ "வந்திட்டா" என்றார்கள். அவள் விடவில்லை. அந்தப் பல்கலைக்கழகத்தைச் செக் மொழிக்காரருக்கு ஒன்று, ஜெர்மன் மொழிக்காரருக்கு ஒன்று என்று இரண்டாகப் பிரித்தார்கள். பழைய சங்கிலி, செங்கோல், முத்திரை எல்லாம் ஜெர்மன்காரரிடம் இருந்தன. அவை எங்களுக்குத்தான் என்றார்கள் செக் மாணவர்கள். 1934இல் தெருவில் அடிபாடு, கண்ணாடி உடைப்பு, பொலிஸ். கடைசியில் செக்காரர் வாங்கிவிட்டார்கள். ஐந்து வருடத்தில் ஹிட்லரின் ஆட்கள் வந்து செக் பல்கலைக்கழகங்களையே மூடினார்கள், ஆயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்களை முகாமுக்கு அனுப்பினார்கள். சங்கிலியையும் செங்கோலையும் கொண்டுபோனார்கள். போர் முடிகிற நேரம் அவை காணாமல் போயின, இன்றுவரை இல்லை.

"அந்தப் பொடியன்மார் கெட்டவங்க இல்ல," என்றாள். "பசியோட படிச்சவங்க. ஆனா சங்கிலி இரண்டு பேருக்கும் இல்லாமப் போச்சு. நீங்க மணிய என்ன செய்யப் போறீங்க என்டு நீங்களே பாருங்க."

கூட்டம் கலைந்தது. நெய்னார் சேர் அடுத்த கிழமை எலக்ட்ரிக் மணி பூட்டினார். பித்தளையும் தண்டவாளமும் ஸ்டோர் அறையில் ஒன்றாகக் கிடக்கின்றன.

அன்றைக்கு வீட்டுக்கு நடந்து போகும்போது அவள் இன்னொன்று சொன்னாள். போலந்திலும் ஹங்கேரியிலும் யூதப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகக் கதவை அடைத்தபோது பலர் பிராக்குக்கு வந்து படித்தார்களாம். அங்கேயும் கொஞ்ச மாணவர்கள் கூட்டம் கூடி, வகுப்பில் இடம் போதாது, வெளியாட்களைக் குறையுங்கள் என்று கத்தினார்களாம்.

"அத வாசிக்கிற நேரம் எனக்குக் கோபமே வரல்ல," என்றாள். "வாப்பாட வோட்டாலதான் எனக்கு அது நடந்திச்சு. ஒரு மனிசரும் எனக்கு எதிரா ஒன்டும் செய்யல்ல. நம்மட ஊர் நல்ல ஊர் ஷிம்லா."

நான் செருப்பு வார் அறுந்துவிட்டது என்று குனிந்துகொண்டேன். வார் அறவில்லை.

இவ்வளவும் ஞாயிற்றுக்கிழமை எழுதியது. இனி எழுதுவது வெள்ளிக்கிழமை. எல்லாம் முடிந்துவிட்டது.

புதன்கிழமை பாடசாலை விட்டதும் அவள் வீட்டுக்குப் போனேன். புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். எருக்கலம்பிட்டியில் உறவுக்காரர் வீட்டில் ஒரு அறை எடுத்திருக்கிறாள். வாப்பாவின் வளவில் இப்போது வேறு ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

"வாப்பா போகாம விட்ட ஊருக்கு நானாவது போறன்," என்றாள். "வா, இரி. என்ன எழுதின? நான் தங்கமான புள்ள என்டு போட்டியா?"

"கொழும்புக்குக் கடிதம் போட்டது நான்," என்றேன். அதற்கு முன்னால் சொல்ல வைத்திருந்த பத்து வசனமும் எங்கோ போய்விட்டது.

"என்ன கடிதம்?"

"ஒன்ட எடத்த நிப்பாட்டச் சொல்லி. பேர் போடாம. வாப்பாட வோட்டால அது தானா வரல்ல. நான்தான் எழுதினன்."

அவள் கையில் இருந்த புத்தகத்தைப் பெட்டிக்குள் சரியாக வைத்தாள். பிறகு கேள்வி கேட்கத் தொடங்கினாள். அழுகையும் இல்லை, ஏச்சும் இல்லை. வரலாற்றுக்காரி கேட்கிற கேள்விகள். எந்த மாதம்? எந்தத் தபாற்கந்தோர்? எத்தனை பக்கம்?

"என்ன எழுதின? சொல்லுக்குச் சொல் சொல்லு."

சொன்னேன். பதினெட்டு வருடத்தில் ஒரு சொல்லும் மறக்கவில்லை. தகப்பனாரின் பெயர் மன்னார் இடாப்பில் உள்ளது என்ற இடம் வந்ததும் அவள் பெட்டியின் மேல் இருந்துவிட்டாள்.

"அது பாதையில நான் ஒனக்குச் சொல்லிச் சிரிச்ச கதை," என்றாள்.

"ஓம்."

"நீ என்ட எடத்த எடுத்திருந்தா எனக்குப் பரவாயில்ல ஷிம்லா. நான் அடுத்த வருஷம் போயிட்டன், படிச்சிட்டன், ஒனக்கு அத மன்னிக்கலாம்." அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "வாப்பா வாசல்ல நின்டு 'மகள் சாப்பிட்டியா' என்டு கேப்பாரு. நான் 'ம்' என்டிட்டுப் போவன். ஒம்பது வருஷம் அவர் அப்பிடிக் கேட்டாரு. அத ஆர் எனக்குத் தருவாங்க? நீ தருவியா?"

நானும் அழுதேன். என் அழுகையைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை. அது நியாயம்தான்.

"அந்த மலர்ல எழுது," என்றாள் கடைசியில். "இந்த முறை பேர் போட்டு எழுது. எங்கட வாப்பா ஒரு பிழையும் செய்யல்ல என்டு எழுது. அவர்ட முழுப் பேரையும் ஊரையும் போடு. இப்ப நீ போ."

வியாழக்கிழமை பிரியாவிடைக்கு டீச்சர்மார் எல்லாரும் புதுச் சாரி, புது அபாயா. பஸீனா ஒரு நீலச் சல்வாரில் வந்தாள். பழைய மாடல், கழுத்தும் கையும் இப்போது யாரும் வைக்காத மாதிரி. இருபது வயதுப் பெண்ணுக்குத் தைத்த துணி அவளுக்கு எப்படிப் பொருந்தியது என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. கிட்டே வந்தபோது கண்டேன். பக்கத் தையலைப் பிரித்து அகட்டியிருந்தாள். லத்தீப் மாமா உள்ளுக்குள் நாலு விரல் அகலத்துக்கு மிச்சத் துணி விட்டுத் தைத்திருந்தார். மகள் பிறகும் உடுத்த வேண்டும் என்று பார்த்துத் தைத்தவர். வெளியே பதினேழு வருடம் அலுமாரிக் கண்ணாடியால் வெயில் பட்டு மங்கிய நீலம், அகட்டிய இடத்தில் மட்டும் ஒரு கோடு புதுத் துணி மாதிரிக் கடும் நீலமாக இருந்தது.

மேடையில் அவள் அதிகம் பேசவில்லை. பிராக்கும் இல்லை, சங்கிலியும் இல்லை. "நான் எருக்கலம்பிட்டி லத்தீப் டெய்லர்ட மகள். அவர் தச்சுத் தந்தத உடுத்திக்கிட்டு அவர்ட ஊருக்குப் போறன்," என்று சொல்லி இறங்கினாள். என் பக்கம் பார்க்கவில்லை. மன்னாருக்கு இன்று காலை பஸ் ஏறினாள் என்று கேள்விப்பட்டேன். எனக்கு ஸலாம் சொல்லிவிட்டுப் போகவில்லை.

நெய்னார் சேர் இதை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இத எப்பிடி டீச்சர் மலர்ல போடுற? பாடசாலைக்கு ஒரு மரியாதை இல்லையா? உங்களுக்கு இல்லையா?" என்றார். கேட்டபடி ரெண்டு பக்கமும் இல்லைத்தான், நீண்டுவிட்டது. போடாவிட்டால் நானே போட்டோக் கொப்பி அடித்து வீடு வீடாகக் கொடுப்பேன் என்று சொன்னேன். போடுவார் என்று நினைக்கிறேன்.

எருக்கலம்பிட்டி முகம்மது இஸ்மாயில் லத்தீப், தையல்காரர், தன் மகளின் படிப்புக்கு ஒரு தடையும் செய்யவில்லை. அதைச் செய்தவள் நான். இவ்வளவையும் அறிந்தே எழுதி என் பெயரைப் போடுகிறேன்.

முத்தலிபு ஷிம்லா,
குறிஞ்சிப்பிட்டி, கற்பிட்டி.